பதினாறு கோடிக்கு ஒரு பாராட்டு மடல்

சேலம், நாமக்கல் பக்கம் யாரையாவது பாராட்டுவதென்றால் மேடை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலை மைக்கில் வாசித்துக் கையில் கொடுப்போம். ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கும், புதிதாக வந்த கலெக்டருக்கும், பால் சொசைட்டித் தலைவருக்கும் வாசித்திருக்கிறோம். 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் கைக்குழந்தை ஒன்றுக்காகக் கடல் தாண்டி வந்த மருந்துக்கு மட்டும் யாரும் வாசிக்கவில்லை. சோல்ஜென்ஸ்மா என்பது அதன் பெயர். அன்றைய விலை 16 கோடி ரூபாய். அந்த மருந்துக்கும், அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும், விற்றவர்களுக்கும், வரி போட்டவர்களுக்கும், பிறகு அந்த வரியை விட்டுக்கொடுத்தவர்களுக்கும், உண்டியலில் பணம் போட்ட நமக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். இல்லாத பெருமை எதையும் இதில் ஏற்றிச் சொல்லவில்லை.

இப்படிப் பாராட்டுவதற்கு எங்கள் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து அதன் அழகைப் புகழ்ந்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. அந்த ஆயுதங்கள் உண்மையாகவே பளபளத்தன. போர்க்களத்தைப் பார்க்காத ஆயுதம் பளபளக்கத்தான் செய்யும். அதியர் மரபினர் குடைந்த குடைவரைக் கோயில் இன்றும் நாமக்கல் மலையில் இருக்கிறது. அந்தக் குடிக்காகப் பேசிய கிழவியின் வழியில் நானும் பார்த்ததை மட்டும் புகழ்கிறேன்.

சோல்ஜென்ஸ்மா ஒரு நரம்பு நோய்க்கான மருந்து. நரம்பு நோய்களில் காரணம் முழுதாகத் தெரியாதவை பல. காரணமும் தெரிந்து, மருந்தும் இருப்பவை குறைவு. 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் இளம் வயதினரிடம் கண்டு எழுதிய ஒரு நோய், உலக மருத்துவ நூல்களில் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர் பெற்றது. காது மந்தமாகும், முகமும் நாக்கும் வலுவிழக்கும், கை கால் சூம்பும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி அரை நூற்றாண்டு ஆகியும் அதன் மூலகாரணம் முழுதாகப் பிடிபடவில்லை. இந்த நிலையில் எஸ்எம்ஏ என்கிற முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயை ஆராய்ந்தவர்களை மனதாரப் பாராட்டாமல் இருக்க முடியாது. அவர்கள் விடையைக் கண்டவர்கள்.

ஆஸ்திரிய மருத்துவர் குய்டோ வெர்ட்னிக் 1891-ல் அண்ணன் தம்பி இருவரிடம் இந்த நோயைப் பார்த்து எழுதினார். ஜெர்மனியில் யோஹான் ஹோஃப்மன் 1893 முதல் மேலும் பல குழந்தைகளைப் பற்றி எழுதினார். நூறு ஆண்டு கழித்து 1995-ல், பாரிசில் ஜூடித் மெல்கியின் குழு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கும் காரணத்தைப் பிடித்தது. எஸ்எம்என்1 என்ற மரபணு. தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் உயிரோடிருக்கத் தேவையான புரதத்தை அதுதான் செய்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வரும். இரண்டும் பழுதானால் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். தசை கட்டளை வராமல் சூம்பும். மனிதருக்கு மட்டும் பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று ஒரு மாற்று மரபணுவும் உண்டு. அதில் ஏழாம் பகுதியில் சி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி இருக்கிறது. அந்த ஓர் எழுத்தால், அது செய்யும் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உருப்படியாக வருகிறது.

அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட முடியுமா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர சிங்கின் குழு, எஸ்எம்என்2 சரியாக வேலை செய்யாமல் தடுக்கும் இடத்தைக் கண்டது. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரைனர், அயோனிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் நியூசினெர்சென் மருந்தை உருவாக்கினார். 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. எஸ்எம்ஏவுக்கு உலகத்தில் வந்த முதல் மருந்து அதுதான். பிறகு வந்த சோல்ஜென்ஸ்மா இன்னும் ஒருபடி மேலே போனது. நோய் செய்யாத ஏஏவி9 என்ற வைரசின் கூட்டுக்குள் நல்ல மரபணுவையே வைத்து, ரத்தக் குழாயில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. ஒரே தடவை. ஜெரி மெண்டெலின் குழு 2017-ல் வெளியிட்ட முதல் சோதனையில் 15 குழந்தைகள். 20 மாத வயதில் 15 பேரும் உயிரோடு, நிரந்தர மூச்சு இயந்திரம் தேவைப்படாமல் இருந்தார்கள். அதிக அளவு மருந்து பெற்ற 12 பேரில் 11 பேர் யாரும் பிடிக்காமல் உட்கார்ந்தார்கள். இந்த நோய் கடுமையாக வந்த குழந்தை உட்கார்வது என்பது மருந்துகள் வருவதற்கு முன் மருத்துவ நூல்களில் இல்லாத காட்சி.

முந்நூறு கோடி எழுத்துகளுக்கு நடுவே ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்த கண் இது. இந்தக் கண்ணுக்கு எங்கள் ஊர்த் தொட்டில் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

தொட்டிலில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது. நான்கு மாதம். முட்டி இரண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்து, கால் தவளைக் கால் மாதிரி பாயில் ஒட்டிக் கிடக்கிறது. தூக்கினால் தலை பின்னால் தொங்குகிறது. அக்குளில் கை கொடுத்தால் கைக்குள்ளேயே நழுவுகிறது. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு எழும்புகிறது. வாயைத் திறந்தால் நாக்கின் மேல் புழு நெளிவது போல மெல்லிய துடிப்பு. அழுகை பூனைக்குட்டி அளவுக்குத்தான் கேட்கிறது. கண் மட்டும் துறுதுறுவென்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்கிறது, சிரிக்கிறது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. "உரம் விழுந்திருக்கும், துணியில போட்டு உருட்டினாச் சரியாப் போயிரும் சாமி" என்கிறார் அம்மாயி. "எங்க மாமனும் மெதுவாத்தான் நின்னாராம், பொம்பளப் புள்ளைக்கு என்ன அவசரம்" என்கிறார் இன்னொருவர். சத்து டானிக் எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் கூட்டி வரச் சொல்கிறார்கள். சேலம் போய், கோவை போய், வேலூரோ பெங்களூரோ போய், ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வந்து நோயின் பெயரைக் கேட்கும்போது குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியிருக்கும். செத்த நரம்பணு திரும்பி முளைப்பதில்லை. எந்த மருந்தும் மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றும். பாரிசில் 1995-லேயே தெரிந்த விஷயம் பரமத்தி வேலூருக்கும் பள்ளிபாளையத்துக்கும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

இதைச் சொல்லும்போது ஆராய்ச்சி செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களில் பலர் பொதுப்பணத்தில் உழைத்தவர்கள். அந்தப் பணத்தின் கதையையும் பாராட்ட வேண்டும். பாரிசுக்குப் பக்கத்தில் ஏவ்ரி என்ற ஊரில் ஜெனெத்தான் என்ற ஆய்வகம் இருக்கிறது. அதைத் தசைநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் 1990-ல் தொடங்கியது. பணம் எங்கிருந்து வந்தது? 1987 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'டெலித்தான்' என்று மணிக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தி, பொதுமக்களிடம் வசூலித்தார்கள். ரொட்டிக் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளையும் பென்ஷன் வாங்கும் பாட்டியும் கொடுத்த காசு. அந்தக் காசில் வேலை செய்த மார்ட்டின் பர்காவின் குழுதான், ஏஏவி9 வைரசை ரத்தத்தில் செலுத்தினால் அது தண்டுவட நரம்பணு வரை போய்ச் சேரும் என்று கண்டவர்களில் முன்னணி. அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமைக்கு 2018-ல் ஏவெக்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உரிமம் வாங்கியது. அதே ஆண்டில் நோவார்ட்டிஸ் நிறுவனம் அந்த ஏவெக்ஸிசையே 870 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 மே 24-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர்.

ஆக, ஒரே மருந்துக்கு இரண்டு உண்டியல். முதல் உண்டியல் பிரான்சில், மருந்தைக் கண்டுபிடிக்க. இரண்டாவது உண்டியல் நாமக்கல் மாவட்டத்தில், கண்டுபிடித்த மருந்தை வாங்க. இரண்டிலும் போட்டவர்கள் ஒரே மாதிரி ஆட்கள்தான். நடுவில்தான் 870 கோடி டாலர் கைமாறியது. உலகத்தின் இரு மூலைகளில் இருக்கும் எளிய மனிதர்களை ஒரு புட்டி மருந்தில் இணைத்த வணிகத் திறமையைப் பாராட்ட எனக்கு வார்த்தை பற்றவில்லை.

விலையை நிர்ணயித்த கணக்கும் பாராட்டத்தக்கது. தயாரிக்க எவ்வளவு ஆனது, ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஆனது என்ற பழைய வழியில் அவர்கள் போகவில்லை. நியூசினெர்சென் மருந்துக்கு முதல் ஆண்டு ஏழரை லட்சம் டாலர், பிறகு ஆண்டுக்கு மூன்றே முக்கால் லட்சம். அதைப் பத்து வருடம் போட்டால் ஆகும் செலவில் எங்கள் மருந்து பாதி விலைதான் என்றார்கள். கணக்கு சரிதான். முதல் மருந்தின் விலையை வைத்து இரண்டாவதன் விலையை நியாயப்படுத்தலாம். முதல் மருந்துக்கு அந்த விலை எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒரு குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், அதனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வெளிப்படைத்தன்மையையும் சொல்ல வேண்டும். மருந்தை எலிகளில் சோதித்த தரவில் சில இடங்களில் கை வைக்கப்பட்டிருப்பது ஏவெக்ஸிசுக்கு 2019 மார்ச்சிலேயே தெரியவந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அவர்களாகவே போய்ச் சொன்னார்கள். சொன்னது ஜூன் கடைசியில். அனுமதி மே மாதம் வந்துவிட்டிருந்தது. மனிதர்களிடம் நடந்த சோதனை சரியாகத்தான் இருக்கிறது, மருந்து சந்தையில் தொடரலாம் என்று அந்த அமைப்பு சொல்லிவிட்டது.

பிறகு நோவார்ட்டிஸ் நிறுவனத்தார் தர்மமும் செய்தார்கள். 2020-லிருந்து, மருந்து அனுமதி கிடைக்காத நாடுகளின் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 பேர் வரை இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். யாருக்கு என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். கோவைக் குழந்தை ஒன்றுக்கு 2021-ல் அப்படிக் கிடைத்தது. கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது. குலுக்கல் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, சிபாரிசு கேட்பதில்லை. இந்த நாட்டில் நடக்கும் எந்தத் தேர்வைவிடவும் அது சுத்தமானது. தமிழ்நாடு லாட்டரியை 2003-ல் தடை செய்தது. தறிக்காரர்களும் லாரி கிளீனர்களும் சனிக்கிழமைக் கூலியைச் சீட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போனார்கள், குடும்பங்கள் அழிந்தன, அதனால் தடை. பதினெட்டு ஆண்டு கழித்து அதே குடும்பங்களின் குழந்தைகள் உயிருக்காகச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கு நாம் இருந்தோம். 2021-ல் செல்போனில் அந்த நாமக்கல் குழந்தையின் படத்தைப் பார்க்காத தமிழ் வீடு இல்லை. 100 ரூபாய் போட்டவர்கள், பிறந்தநாள் கொண்டாட்டத்தை நிறுத்தி அனுப்பியவர்கள், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தமிழர்கள் எல்லாம் சேர்ந்து 16 கோடியைச் சேர்த்தார்கள். கொரோனா இரண்டாம் அலையில் வேலையும் வருமானமும் போயிருந்த நேரத்தில் இதைச் செய்தோம். இப்படி ஒரு மனது நமக்கு இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. நம் ஈகை அந்த ஒரு முகத்தோடு நின்றுகொண்டது. அடுத்த படம் வந்தபோது, "போன மாசம்தானே கொடுத்தோம்" என்றோம். நன்றாகச் சிரிக்கிற குழந்தைக்கு வேகமாகச் சேர்ந்தது. வீடியோ எடுக்கத் தெரியாத, எடுத்துப்போட ஆள் இல்லாத வீட்டுக்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போன தகப்பனின் வீட்டுக்குச் சேரவில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்ற இன்னொரு குழந்தையோடு அழகில் போட்டி போட வேண்டும் என்று நாம் யாரும் சட்டம் போடவில்லை, நடந்தது அதுதான். இதே மாவட்டத்தில், பள்ளிபாளையம் பக்கம், கடனை அடைக்க விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் 2025 ஜூலையில் வெளியே வந்தது. அந்தத் தெருக்களிலும் அந்த 16 கோடிக்குப் பணம் போட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மத்திய அரசின் வேகத்தையும் மறக்கக் கூடாது. அந்த மருந்துக்கு இறக்குமதித் தீர்வையும் ஜிஎஸ்டியுமாக 6 கோடி ரூபாய் அளவுக்கு வர இருந்தது. ஊரெல்லாம் கேட்டதும் 2021 ஜூலையில் ரத்து செய்தார்கள். ஓர் உத்தரவில் 6 கோடி போனது. அரசுக்கு மனமிருந்தால் எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது. உண்டியல் காசுக்கும் வரி என்ற ஏற்பாடு இருந்ததும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இந்த மருந்து உட்பட 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று ஆனது 2025 செப்டம்பரில். நடுவில் நான்கு ஆண்டுகள்.

அதே 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. நாடு முழுக்க எட்டு உயர்சிறப்பு மையங்கள் அறிவித்தார்கள். டெல்லியில் இரண்டு, லக்னோ, சண்டிகர், ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, பெங்களூரு. மருத்துவச் சுற்றுலாவுக்கு உலகமே வந்துபோகும் தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டியலில் அன்று ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு கிட்டத்தில் இருக்கிறது என்பதால் நாங்கள் குறை சொல்லவில்லை; தூத்துக்குடிக்காரர்கள்தான் பாவம். 2022-ல் ஒரு நோயாளிக்கான உதவித் தொகையை 50 லட்சம் வரை உயர்த்தினார்கள். 50 லட்சம் பெரிய பணம். 16 கோடியில் அது 32-ல் ஒரு பங்கு.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். கொங்குச் சீமையில் உறவு தெரிந்து வைத்திருக்கும் அழகை எந்த ஊரும் நெருங்க முடியாது. கல்யாணப் பேச்சு எடுத்தால் குலப் பிரிவான கூட்டம் என்ன, குலதெய்வம் எந்தக் கோயில், அப்பாரு எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார், அவருடைய தாய்வீடு எது என்று மூன்று நான்கு தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். ஒரே கூட்டத்துக்குள் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இன்றுவரை கறாராகக் காக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்றால் முறை, தேடிப்பிடித்துக் கட்டுவார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் மணந்தவர்கள். நாட்டிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று. பொருத்தத்தில் பத்தும் பார்க்கிறோம். பாட்டி வீட்டில் "பொறந்து எட்டு மாசத்துல செத்துப்போச்சு, காத்து சேட்டை" என்று ஒரே வரியில் முடித்துவிட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அத்தனை பெயரையும் மனப்பாடமாக வைத்திருக்கும் நினைவில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பெயர் இல்லை.

சொந்தத்தில் கட்டாதவர்களுக்கு இந்த நோய் வராது என்று எண்ண வேண்டாம். எஸ்எம்என்1 பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் உலகில் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது, அவ்வளவுதான். ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் வாசலுக்கு வைக்கும் வாழைமரச் செலவைவிடக் கொஞ்சம் கூட ஆகலாம். மண்டபத்துக்கு லட்சக் கணக்கில் முன்பணம் கட்டுகிறோம். பெண்ணையோ பையனையோ இந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனால் "குடும்பத்துல ஏதோ கோளாறு" என்று பேச்சு வந்துவிடும் என்று பயப்படுகிறோம். குடும்ப மானத்தை நாம் காத்த அளவுக்கு வேறு எதையும் காத்ததில்லை.

பிறந்த பிறகாவது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றி எடுத்தால் போதும். அறிகுறி தெரிவதற்கு முன்பே, பிறந்து ஆறு வாரத்துக்குள் மருந்து கொடுத்த 14 குழந்தைகளின் ஆய்வு முடிவு 2022-ல் வந்தது. மருந்தில்லாவிட்டால் அவர்களில் அநேகமாக யாருமே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 14 பேரும் தாமாக உட்கார்ந்தார்கள். 11 பேர் மற்ற குழந்தைகள் உட்காரும் வயதிலேயே உட்கார்ந்தார்கள். ஜெர்மனி 2021 அக்டோபரிலிருந்து பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் இதைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேலான பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு பிசிஜி போடுகிறோம், போலியோ சொட்டு ஊற்றுகிறோம், மஞ்சள் காமாலை ஊசி போடுகிறோம், எடை எழுதுகிறோம், தாய்க்கு அடையாள எண் கொடுக்கிறோம். இந்தியாவே நம்மைப் பார்த்து மெச்சும் ஏற்பாடு இது. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் வீடு வீடாக நடந்து கட்டிய ஏற்பாடு. அவர்கள் கையில் அந்த அட்டையைக் கொடுக்கும் தேசியத் திட்டம் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு மருந்துப் புட்டி. ரிஸ்டிப்ளாம். ஊசி இல்லை, சொட்டு ஏற்றுவது இல்லை. தினம் ஒரு வேளை வாயில் ஊற்றும் ஸ்ட்ராபெர்ரி வாசனைத் திரவம். எஸ்எம்என்2 செய்யும் புரதத்தைக் கூட்டுவதுதான் இதன் வேலை. நோயைக் குணப்படுத்தாது, ஆயுளுக்கும் குடிக்க வேண்டும். குடித்தால் இருக்கிற வலு நிற்கும், பலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். ரோச் நிறுவனம் 2021-ல் இந்தியாவில் விற்க ஆரம்பித்தபோது புட்டி 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 20 கிலோவுக்கு மேல் எடையிருந்தால் தினம் 5 மில்லிகிராம்; 60 மில்லிகிராம் புட்டி 12 நாளில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 30 புட்டி, 1 கோடியே 86 லட்சம். ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் இதைத் தயாரிக்க முன்வந்ததும் காப்புரிமையைக் காட்டி ரோச் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்தது. அக்டோபர் 9-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோவின் புட்டி 15,900 ரூபாய்க்கு வந்தது. ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 15,900 ரூபாய்க்கு விற்று ஒரு கம்பெனி லாபம் பார்க்க முடியும் என்பதை நாட்டுக்கே தெரிவித்ததற்காக, வழக்குப் போட்ட ரோச்சுக்கும் ஒரு பொன்னாடை உண்டு. அவர்கள் அவ்வளவு உறுதியாகத் தடுக்க முயன்றிருக்காவிட்டால் இந்த எண் இத்தனை பேர் காதில் விழுந்திருக்காது.

நாட்கோ விலையில் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 4 லட்சத்து 77 ஆயிரம். தறிக் குடும்பத்துக்கு இதுவும் எட்டாத உயரம்தான். ஆனால் கொள்கையில் சொன்ன 50 லட்சம் இருக்கிறதே, பழைய விலையில் அது மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வந்திருக்கும். இப்போது பத்து ஆண்டுக்கு மேல் வரும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு புட்டியே இரண்டு மாதம் வரும். தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. இருக்கிற தொகையைத் தடையில்லாமல் கொடுத்து, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் 2022-ல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மாதாமாதம் அந்தப் புட்டி கிடைக்கச் செய்தால் போதும். புட்டியில் வரும் தூளைத் தண்ணீரில் கலக்கித் திரவமாக்கிக் கொடுக்க ஒரு மருந்தாளுநர் வேண்டும். கலக்கிய பிறகு 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் பெட்டிகளும் அதே குளிரில்தான் ஓடுகின்றன.